எம்டி முடித்தபின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஃபெலோஷிப்: மதுரையிலிருந்து என்னென்ன வழிகள்?

மாட்டுத்தாவணி_எம்டி
சீனியர்களுக்கு வணக்கம். எம்டி பீடியாட்ரிக்ஸ் இந்த வருடம் முடிகிறது. பச்சிளங்குழந்தை மருத்துவம், அதாவது நியோநேட்டாலஜிதான் என்பதில் குழப்பமில்லை. டிஎம் என்ற மேற்பட்டச் சீட்டுக்குக் காத்திருந்து படிப்பதா, அல்லது ஒரு வருட ஃபெலோஷிப்பில் உடனே சேர்வதா என்பதுதான் கேள்வி. பிற்பாடு உசிலம்பட்டி, தேனிப் பக்கம் வேலை பார்க்கும் எண்ணம். ஃபெலோஷிப் சான்றிதழுக்கு உண்மையில் எவ்வளவு மதிப்பு? சேருமுன் என்ன கேட்க வேண்டும்? வெளிநாட்டு வழியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகை_நியோ
தம்பி, முதலில் இரண்டு விஷயத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பட்டம், இன்னொன்று கைவேலை. சில இடத்தில் இரண்டும் சேர்ந்து கிடைக்கும், பல இடத்தில் ஒன்றுதான் கிடைக்கும். எதற்காக ஒரு வருடத்தைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் சேர்ந்தால்தான் பிறகு வருத்தம்.

பட்டம் என்றால் டிஎம் நியோநேட்டாலஜி, அல்லது தேசியத் தேர்வு வாரியத்தின் டிஆர்என்பி. இரண்டும் 3 வருடம், சட்டப்படி சமம், இரண்டுக்கும் வாசல் நீட் எஸ்எஸ் நுழைவுத் தேர்வு. உங்களுக்குக் குழந்தை மருத்துவக் குழுவின் தாள்: 150 கேள்வி, இரண்டரை மணி நேரம், சரியானால் 4, தப்பானால் 1 குறையும். இந்த ஒரே தாளின் ரேங்க்கை வைத்துத்தான் நியோ, பீடியாட்ரிக் கிரிட்டிகல் கேர், நெஃப்ராலஜி, நியூராலஜி எல்லாவற்றுக்கும் சீட் தேர்வு. எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பிஜிஐ, நிம்ஹான்ஸ் மாதிரி நிறுவனங்களுக்கு ஐஎன்ஐ எஸ்எஸ் என்று தனி நுழைவுத் தேர்வு. ஜனவரி, ஜூலை என்று வருடத்தில் இரண்டு சேர்க்கை. நம் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் அந்த வழியில்தான். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை நீட் எஸ்எஸ் வழியில்.

ஃபெலோஷிப் என்ற சொல்லுக்குள் ஏகப்பட்ட வகை இருக்கிறது. தேசிய நியோநேட்டாலஜி ஃபோரம், அதாவது என்என்எஃப், தான் அங்கீகரித்த மையங்களில் நடத்துவது ஒன்று. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமான ஐஏபியின் துணைப்பிரிவுகள் நடத்துபவை சில. மருத்துவப் பல்கலைக்கழகம் தருபவை உண்டு. ஒரு தனியார் மருத்துவமனை தன் லெட்டர்ஹெட்டில் தானே கொடுப்பதும் உண்டு. விளம்பரத்தில் எல்லாமே "ஃபெலோஷிப் இன் நியோநேட்டாலஜி" என்றுதான் இருக்கும். கடைசி வகைக்கு வெளியே யாரும் பரீட்சை வைப்பதில்லை. சான்றிதழின் கனம் அந்த யூனிட்டின் பெயர் மட்டும்தான்.

சட்ட நிலை இதுதான்: எம்டியை மாநில மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யலாம். டிஎம், டிஆர்என்பியையும் அப்படியே. சங்கங்களின் ஒரு வருட ஃபெலோஷிப்பை அப்படிப் பதிய முடியாது. மருத்துவக் கல்லூரியில் நியோநேட்டாலஜி துறை ஆசிரியராக டிஎம் அல்லது டிஆர்என்பி வேண்டும். ஆனால் தேனியிலோ திண்டுக்கல்லிலோ ஒரு 12 கட்டில் என்ஐசியூவை, அதாவது பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பொறுப்பாக நடத்த, நல்ல இடத்தில் முடித்த ஃபெலோஷிப் தாராளமாகப் போதும். நீங்கள் சொன்ன எண்ணத்துக்கு இதுதான் முக்கியமான வித்தியாசம்.

டிசிஎச்_தேனி
குழந்தை மருத்துவ டிப்ளமாவான டிசிஎச் மட்டும் முடித்தவர்களுக்கு வழி உண்டா சார்?

வைகை_நியோ
நீட் எஸ்எஸ் எழுத டிசிஎச் போதாது. டிப்ளமாவுக்குப் பிந்தைய டிஎன்பி பட்ட வழி இருக்கிறது: பிடிசிஇடி தேர்வு எழுதி 2 வருடத்தில் டிஎன்பி பீடியாட்ரிக்ஸ். அதன்பின் நீட் எஸ்எஸ் திறக்கும். என்என்எஃப் ஃபெலோஷிப்புக்கு டிசிஎச் உள்ளவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதை முடித்தபின் டிஎன்பி எழுதலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். முதலில் டிஎன்பி. அந்த இரண்டு வருடத்தில் என்ஐசியூ போஸ்டிங் எப்படியும் வரும்.

தல்லாகுளம்_பிஐசியூ
ஒரு சின்னச் சேர்க்கை. பச்சிளங்குழந்தை இல்லாமல் பெரிய பிள்ளைகளின் தீவிர சிகிச்சைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஐடிபிசிசிஎம் என்ற டிப்ளமா இருக்கிறது. ஐஏபி தீவிர சிகிச்சைப் பிரிவும் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கமான ஐஎஸ்சிசிஎம்மும் சேர்ந்து கொண்டுவந்தது, 1 வருடம், பரீட்சை உண்டு. எஃப்என்பி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் 2 வருட ஃபெலோஷிப். எஃப்இடி என்று தனித் தேர்வு. எந்தெந்தத் துறைக்கு எஃப்என்பி இருக்கிறது, எது டிஆர்என்பியாக மாறிவிட்டது என்பதை அந்த வருடத் தகவல் கையேட்டில் பார்த்தே விண்ணப்பியுங்கள். பழைய குரூப் மெசேஜை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மாட்டுத்தாவணி_எம்டி
ரொம்பத் தெளிவாக இருக்கிறது சார். அப்படியென்றால் ஒரு யூனிட் நல்ல யூனிட்டா என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா இடத்திலும் "லெவல் 3, 20 கட்டில்" என்றுதான் போடுகிறார்கள்.

கே.கே.நகர்_யூனிட்
கட்டில் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். 1500 கிராமுக்குக் கீழே வருடத்துக்கு எத்தனை குழந்தை, 1000 கிராமுக்குக் கீழே எத்தனை என்று கேளுங்கள். அடுத்து, உள்ளே பிறந்தவை எவ்வளவு, வெளியிலிருந்து வருபவை எவ்வளவு. மதுரையில் இது பெரிய விஷயம். விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நாலு பக்கமும் இருந்து குழந்தைகள் இங்கேதான் ஏறி வருகின்றன. வெளியிலிருந்து வரும் குழந்தை குளிர்ந்துபோய், சர்க்கரை இறங்கி வரும். அதைத் தூக்கி நிறுத்தப் பழகலாம். ஆனால் பிரசவ அறையில் 26 வாரக் குழந்தையின் முதல் பத்து நிமிடத்தை அங்கே பழக முடியாது. மகப்பேறு இல்லாத தனி குழந்தைகள் மருத்துவமனையில் சேர்வதானால் பிரசவ அறைக்கு எங்கே அனுப்புவார்கள், எத்தனை மாதம் என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, கை வைப்பது யார்? இதைக் கன்சல்டன்ட்டிடம் கேட்பதைவிட இப்போது அங்கே படிக்கும் ஃபெலோவிடம் இரவு டூட்டி நேரத்தில் கேட்டால் சரியான பதில் வரும். தொப்புள் சிரைக் குழாய், அதான் யுவிசி, மாதத்துக்கு எத்தனை போட்டீர்கள்? மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடும் இன்டியூபேஷன் எத்தனை? ரத்தத்தை மாற்றும் எக்ஸ்சேஞ்ச் டிரான்ஸ்ஃபியூஷன் ஒன்றாவது செய்தீர்களா?

இன்டியூபேஷனில் ஒரு நெளிவு இருக்கிறது. நல்ல யூனிட்டில் இப்போது எடுத்த எடுப்பில் மூக்கு வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் போடுகிறார்கள். நுரையீரல் விரிய உதவும் சர்ஃபாக்டன்ட் மருந்தையும் மெல்லிய கத்தீட்டர் வழியாகக் கொடுத்துவிடுகிறார்கள். குழந்தைக்கு அது நல்லது, ஃபெலோவுக்கு இன்டியூபேஷன் வாய்ப்பு குறையும். ஆகவே எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு இடத்தைத் தள்ளாதீர்கள். பொம்மையில் வாரம் ஒருமுறை பயிற்சி வைக்கிறார்களா, வீடியோ லாரிங்கோஸ்கோப் இருக்கிறதா, மெல்லிய கத்தீட்டர் முறையை ஃபெலோ கையில் கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

மாட்டுத்தாவணி_எம்டி
யுவிசி பற்றி இன்டர்வியூவில் கேட்கிறார்கள் என்றார்கள். எந்த அளவுக்குக் கேட்பார்கள்?

கே.கே.நகர்_யூனிட்
நீங்கள் போட்டிருக்கிறீர்களா, பார்த்து மட்டும் இருக்கிறீர்களா என்பது ரெண்டே கேள்வியில் தெரிந்துவிடும், அதனால்தான் கேட்கிறார்கள். 1.2 கிலோ குழந்தை என்று வையுங்கள். தமனிக் குழாய்க்கு எடையை 3ஆல் பெருக்கி 9 கூட்டினால் 12.6 செ.மீ. சிரைக் குழாய்க்கு அதில் பாதி, கூட 1, ஆக 7.3 செ.மீ. இதோடு தொப்புள்கொடி அடிக்கட்டையின் நீளத்தைக் கூட்ட மறந்தால் குழாய் மேலேயே நின்றுவிடும். முனை உதரவிதானத்துக்குச் சற்று மேலே, எக்ஸ்ரேயில் டி8, டி9 முதுகெலும்பு அளவில் நிற்க வேண்டும்.

உள்ளே போகும்போது தடை தெரிந்தால் அழுத்தாதீர்கள். ஈரல் பக்கம், போர்ட்டல் சிரைக்குள் திரும்பியிருக்கும். அங்கே வைத்து அடர்ந்த குளுக்கோஸோ கால்சியமோ ஓட்டினால் ஈரல் திசு வெந்துபோகும். கொஞ்சம் இழுத்து, குழந்தையை லேசாக வலப்பக்கம் சாய்த்து மறுபடி முயலலாம். அப்படியும் போகவில்லையென்றால் விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பதுதான் முறை. இந்தக் கடைசி வரியைச் சொல்கிறீர்களா என்றுதான் கேட்பவர் காத்திருப்பார்.

பிரசவ அறை அவசரத்தில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். 2 முதல் 4 செ.மீ. உள்ளே விட்டு ரத்தம் திரும்பி வந்ததும் நிறுத்தி அட்ரினலின். நம் ஊரில் வருவது 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பியூல். 9 மி.லி. நார்மல் சலைனோடு கலந்தால் பத்தாயிரத்தில் ஒன்று. கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மி.லி. கலக்காத மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துவிடும் தப்பு எங்கும் நடக்கக்கூடியது. டிராலியில் லேபிள் ஒட்டிய 10 மி.லி. சிரிஞ்ச் தயாராக இருக்கிறதா என்று பார்த்தாலே அந்த யூனிட்டின் ஒழுங்கு தெரியும்.

பனகல்ரோடு_சிஸ்டர்
டாக்டர்கள் பேசுகிற இடத்தில் நர்ஸ்களுக்கான வழியையும் ஒரு வார்த்தை எழுதிவிடுகிறேன், நிறையப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டப்படி நியோநேட்டல் நர்சிங்கில் போஸ்ட் பேசிக் டிப்ளமா 1 வருடம். ஜிஎன்எம், பிஎஸ்சி இருவரும் சேரலாம், வேலை அனுபவம் கேட்பார்கள். எம்எஸ்சியில் குழந்தை நல நர்சிங் எடுத்தால் 2 வருடம். அது கற்பித்தல் பக்கம் போகிறவர்களுக்கு. அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவான எஸ்என்சியூவில் இருப்பவர்களுக்கு எஃப்பிஎன்சி என்ற பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி: 4 நாள் வகுப்பு, அதன்பின் 14 நாள் ஒரு பெரிய யூனிட்டில் கூடவே நின்று பார்த்துப் பழகுவது.

அந்த 14 நாளைத்தான் வீணாக்குகிறார்கள். போகும் முன் தன் யூனிட்டில் எதில் தடுமாற்றம் என்று எழுதிக்கொண்டு போங்கள்: சிபாப் மூக்குக் குழாய் அளவு பார்ப்பது, மூக்குத் தண்டில் புண் வராமல் வைப்பது, தாய்ப்பால் பிழிந்து சேமிப்பது, இன்ஃபியூஷன் பம்ப் கணக்கு. யூனிட் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பயிற்சி முடித்து வந்த நர்ஸை மூணாவது மாதமே வேறு வார்டுக்கு மாற்றாதீர்கள். நோய்த்தொற்று ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கைகளைப் பொறுத்தது.

டாக்டர் தம்பி, நீங்களும் சேருமுன் இரவு ஷிஃப்ட்டில் வென்டிலேட்டர் குழந்தைக்கு ஒரு நர்ஸ் இருக்கிறாரா, இல்லை நாலு குழந்தைக்கு ஒருவரா என்று எண்ணிப் பாருங்கள். நர்ஸ் இல்லாத யூனிட்டில் ஃபெலோ படிப்பது நர்சிங் வேலைதான்.

அண்ணாநகர்_கண்
குறைமாதக் குழந்தையைப் பார்க்கப் போகிற எவரும் மதுரையில் இருந்துகொண்டு ஆர்ஓபி என்ற குறைமாத விழித்திரை நோயைப் பற்றிப் பழகாமல் போகக்கூடாது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. குழந்தைக் கண் மருத்துவ ஃபெலோஷிப் கண் மருத்துவம் முடித்தவர்களுக்கானது, உங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் ஃபெலோஷிப் காலத்தில் விழித்திரைப் பரிசோதனை நடக்கும் நாள்களில் கூடவே நிற்க அனுமதி கேட்டு வாங்குங்கள்.

யாரைப் பார்க்க வேண்டும்: 2000 கிராமுக்குக் கீழே, அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை. 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்து ஆக்சிஜன், நோய்த்தொற்று என்று சிக்கல் இருந்தால் அதையும். முதல் பரிசோதனை பிறந்து 4 வாரத்துக்குள்; 28 வாரத்துக்கு முன் அல்லது 1200 கிராமுக்குக் கீழே என்றால் 2, 3 வாரத்திலேயே. வெளிநாட்டுப் புத்தகத்தில் உள்ள எடை வரம்பு இதைவிடக் குறைவு. அதை அப்படியே பின்பற்றினால் நம் ஊரில் 1700 கிராம் குழந்தை கண்ணை இழக்கும். இங்கே கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கும் தீவிரமாக வருகிறது. கட்டுப்பாடில்லாத ஆக்சிஜன் ஒரு முக்கியக் காரணம்.

பரிசோதனைக்கு முன் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து நம் கடையில் கிடைப்பது டிராபிகமைட் 0.8%, ஃபினைலெஃப்ரின் 5%. பெரியவர்களுக்கானது. செயற்கைக் கண்ணீர்த் துளியோடு சமமாகக் கலந்து பாதியாக்கிய பிறகே குழந்தைக்கு. 10 முதல் 15 நிமிட இடைவெளியில் விட்டு, கன்னத்தில் வழிவதை உடனே துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் தோல் வழியாக ஏறி ரத்த அழுத்தம் கூடும், அன்றைக்குப் பால் செரிக்காது. சிகிச்சை தேவை என்று முடிவானால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

தவறுவது பெரும்பாலும் டிஸ்சார்ஜ் நேரத்தில். "கண் டாக்டரைப் பாருங்கள்" என்று வாயால் சொன்னால் போடிக்கோ பரமக்குடிக்கோ போகிற தாய் திரும்பி வர மாட்டார். தேதி, இடம், "தாமதித்தால் பார்வை போகும்" என்ற வரி, மூன்றும் தமிழில் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்க வேண்டும்.

மேலூர்_எம்டிஐ
வெளிநாடு கேட்டிருந்தீர்கள். பிரிட்டனுக்கு இரண்டு பாதை. ராயல் காலேஜின் குழந்தை மருத்துவத் தேர்வான எம்ஆர்சிபிசிஎச் முழுவதும் முடித்தால், அதாவது எஃப்ஓபி, டிஏஎஸ், ஏகேபி மூன்று எழுத்துத் தேர்வும் கடைசியில் கிளினிக்கலும், அதை வைத்து பிரிட்டன் மருத்துவக் கவுன்சிலான ஜிஎம்சியின் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், பிளாப் தேர்வு வேண்டாம். இன்னொன்று எம்டிஐ என்ற பயிற்சித் திட்டம்: ராயல் காலேஜ் ஸ்பான்சர் செய்யும், அதிகபட்சம் 24 மாதம், கற்றுக்கொண்டு ஊர் திரும்புவதே திட்டத்தின் அடிப்படை. உங்களைப் போல் தேனிப் பக்கம் வேலை பார்க்க நினைப்பவருக்கு எம்டிஐ கச்சிதமாகப் பொருந்தும்.

ஆங்கிலத் தேர்வு இரண்டுக்கும் உண்டு. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் மொத்தம் 7.5, நான்கு பிரிவிலும் 7க்குக் குறையாமல், ஒரே அமர்வில். மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வு என்றால் நான்கிலும் பி கிரேடு. எழுத்துப் பிரிவில் 6.5 வாங்கித் திரும்ப எழுதுகிறவர்கள்தான் அதிகம். ரெஃபரல் லெட்டர் எழுதப் பழகியவர்களுக்கு ஓஇடி சுலபம்.

எம்டிஐயில் சறுக்குகிற இடம் வேறு. கடந்த 5 வருடத்தில் 3 வருடம், அதிலும் கடைசி 12 மாதம் தொடர்ந்து மருத்துவப் பணியில் இருந்திருக்க வேண்டும் என்று ஸ்பான்சர் பார்ப்பார்கள். நீட் எஸ்எஸ் படிக்கிறேன் என்று ஒரு வருடம் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தவருக்கு அந்த இடைவெளி குறுக்கே நிற்கும். படிக்கிற காலத்திலும் ஏதாவது ஒரு இடத்தில் முறையான ஆர்டரோடு வேலையில் இருங்கள்.

அடுத்தது நம் ஆட்களுக்கே உரிய தொல்லை: இன்ஷியல். பட்டத்தில் "கா. முத்துக்குமார்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக நீண்டிருக்கும், அல்லது சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பு எபிக் என்ற இணையச் சேவை வழியாக, கல்லூரிக்கே போய்க் கேட்டு வரும். பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால் அங்கேயே மாதக்கணக்கில் நிற்கும். எம்டி சான்றிதழ் அச்சாகும் முன்னரே பாஸ்போர்ட், எம்பிபிஎஸ், கவுன்சில் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்துங்கள், தேவைப்பட்டால் அரசிதழில் பெயர் மாற்றம் வரை போங்கள். மாநிலக் கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்றுக்கு 3 மாதம்தான் ஆயுள். அதை முதலில் வாங்கிவைக்காமல் கடைசியில் வாங்குங்கள்.

தல்லாகுளம்_பிஐசியூ
அமெரிக்கா பற்றிச் சுருக்கமாக: எம்டி முடித்திருந்தாலும் மறுபடி 3 வருட ரெசிடென்சி, அதன்பின் நியோவுக்கு 3 வருட ஃபெலோஷிப் என்பதே வழக்கமான பாதை. ஜே1 விசாவில் போனால் முடித்தபின் 2 வருடம் ஊரில் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. 30 வயதில் தொடங்குகிறவர் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

குழந்தை நெஃப்ராலஜி பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஐபிஎன்ஏ என்ற உலகச் சங்கம் வளரும் நாட்டு மருத்துவர்களுக்கு ஃபெலோஷிப் தருகிறது. அதற்கு முக்கிய நிபந்தனை, திரும்பி வந்து வேலை செய்ய உங்கள் ஊர் மருத்துவமனை இடம் தர வேண்டும் என்பது.

மாட்டுத்தாவணி_எம்டி
மேலூர் சார் சொன்னதைப் பார்த்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், சர்நேம் காலி. நாளைக்கே வேலையை ஆரம்பிக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி. ஃபெலோஷிப் செய்துகொண்டே நீட் எஸ்எஸ் படிக்க முடியுமா?

வைகை_நியோ
என் கருத்து, வேண்டாம். நல்ல ஃபெலோஷிப் என்றால் நாளும் இரவும் போய்விடும். நீட் எஸ்எஸ் தாள் குழந்தை மருத்துவம் முழுவதிலிருந்தும் வருகிறது, நியோ மட்டும் அல்ல. எம்டி முடித்த சூட்டில் ஒரு முறை முழு மூச்சாக எழுதுங்கள். கிடைக்காவிட்டால் ஃபெலோஷிப்.

கே.கே.நகர்_யூனிட்
சாரோடு இதில் எனக்கு உடன்பாடில்லை. எம்டி முடித்தபின் சீனியர் ரெசிடென்ட் வேலையிலும் அதே இரவு டூட்டிதான். ஃபெலோஷிப்பில் சேர்ந்தால் குறைந்தது ஒரு கைவேலை மிஞ்சும். ஆனால் சேரும் காகிதத்தில் இரண்டு வரியைப் பார்த்த பிறகே கையெழுத்து. ஒன்று, இடையில் டிஎம் சீட் கிடைத்தால் விடுவிப்பார்களா, அபராதம் எவ்வளவு. இரண்டு, ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா. கவுன்சிலிங்கில் சீட் கிடைத்து, கல்லூரியில் சேரும் நாளில் ஒரிஜினல் கையில் இல்லையென்றால் சீட் போகும், கட்டிய 2 லட்சம் வைப்புத்தொகையும் போகலாம். நகல் மட்டும் கொடுத்து, சரிபார்த்ததும் ஒரிஜினலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

வைகை_நியோ
அந்த ஒரிஜினல் விஷயத்தில் நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். தம்பி அரசு சர்வீஸில் சேரும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2020இல் வந்த அரசாணை 462இன்படி, தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் 50% சர்வீஸில் இருப்பவர்களுக்கு. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்த மறுத்தது. உசிலம்பட்டி, தேனி என்று சொல்கிறவருக்கு இது உண்மையான வழி. பத்திரத்தில் எத்தனை வருடம் அரசுப் பணி என்று எழுதியிருக்கிறது என்பதை வரி வரியாகப் படித்துவிட்டுச் சேருங்கள்.

டிசிஎச்_தேனி
செய்த செயல்முறைகளைப் பதியும் லாக்புக் எப்படி எழுதுவது என்று யாராவது சொல்ல முடியுமா? எங்கள் இடத்தில் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள்.

கே.கே.நகர்_யூனிட்
தேதி, ஐபி எண், கர்ப்ப வாரம், எடை, செய்த செயல்முறை. அடுத்து, பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று நான்கு கட்டம், ஒன்றில் டிக். எத்தனாவது முயற்சியில் வந்தது, சிக்கல் என்ன, கன்சல்டன்ட் கையெழுத்து. குழந்தையின் பெயரோ பெற்றோர் பெயரோ எழுதாதீர்கள். அந்தப் புத்தகம் உங்களோடு பல ஊர் போகும். சிக்கல் கட்டம் முழுக்கக் காலியாக இருக்கும் லாக்புக்கைத் தேர்வாளர்கள் நம்புவதில்லை.

கையெழுத்தை வாரா வாரம் சனிக்கிழமை வாங்கிவிடுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று வைத்திருந்தால், அதற்குள் அந்த கன்சல்டன்ட் வேறு மருத்துவமனைக்கு மாறியிருப்பார்.